எட்டு வீட்டு பன்

நாலு வாரமாக இந்த விஷயத்தை எழுதாமல் தள்ளிப்போட்டு வந்தேன். போன வாரம் பவர் கட் பற்றி எழுதி ஒப்பேற்றினேன். அதற்கு முந்தின வாரம் கொசு. நீங்களும் பெருந்தன்மையாகப் படித்தீர்கள். இரண்டு பேர் கடிதம்கூடப் போட்டீர்கள். ஆனால் எழுத வேண்டியது இதைத்தான். ஏன் எழுதவில்லை என்றால்... இதில் குற்றவாளி நான்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை. எதிர் வீட்டு கௌரம்மா என் வாசலில் வந்து நின்றாள். கூடவே அவள் மகள் மஞ்சு. ஒன்பது வயது, நாலாம் வகுப்பு.

"அக்கா, நேத்து மறுபடியும் ஸ்கூல்ல மயக்கமாயி வுழுந்துட்டாளாம். ஆஸ்பத்திரிக்கு கூட வரீங்களா? அங்க இன்னா கேக்கறாங்கன்னே எனக்குப் புரியறதில்ல."

போனேன். ஊருக்குப் புத்தி சொல்லும் வாய்ப்பை நான் என்றைக்குத் தவற விட்டிருக்கிறேன்?

மஞ்சுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் லைன் வீட்டிலேயே குண்டான குழந்தை அவள்தான். உப்பின கன்னம், மடிப்பு விழுந்த கை. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். ஆஸ்பத்திரி வரிசையில் சீட்டு எழுதிய நர்ஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னம்மா, ஊட்டி ஊட்டி இப்படி வளர்த்து வச்சிருக்கீங்க? கொஞ்சம் வாயைக் கட்டுங்க!"

"அதைத்தான் சிஸ்டர் நானும் சொல்றேன்" என்றேன் நான், முந்திக்கொண்டு. கௌரம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

உள்ளே இருந்த டாக்டர் சின்னப் பெண். மஞ்சுவின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். நகத்தை அமுக்கிப் பார்த்தார். பிறகு சொன்னார், "குழந்தைக்கு ரத்தமே இல்லையேம்மா."

இந்த உடம்புக்கா? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டர் சிரிக்கவில்லை. மஞ்சுவைப் பக்கத்தில் உட்காரவைத்து, "நேத்து காலைலேர்ந்து என்னென்ன சாப்பிட்ட, ஒண்ணொண்ணா சொல்லு" என்றார்.

மஞ்சு பாடம் ஒப்பிக்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள்.

"காலைல டீயும் பன்னும். மத்தியானம் பன்னு. சாயங்காலம் கிரீம் பன்னு ரெண்டு. அப்புறம் ஜாங்கிரி. அப்புறம் டீ."

"சோறு?"

அம்மா முகத்தைப் பார்த்தாள். 

"சரி, கேழ்வரகுக் களி?"

"செவ்வாக்கெழம தின்னேன்."

அன்றைக்குக் கிழமை சனி. நான் மனசுக்குள் விரல் விட்டு எண்ணினேன். டாக்டரும் எண்ணியிருக்க வேண்டும். சீட்டில் ஏதோ எழுதி அடிக்கோடு போட்டார்.

"பள்ளிக்கூடத்துல சத்துணவு போடறாங்களே. அதுல சோறு, சாம்பார், முட்டை எல்லாம் உண்டே?"

"நான் போறதில்ல."

"ஏன்மா?"

மஞ்சு என்னைக் கை காட்டினாள். "ஆன்ட்டி வேணான்னாங்க."

நான் எப்போது சொன்னேன்? அப்படித்தான் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் ஞாபகம் வந்துவிட்டது.

பள்ளிக்கூடம் திறந்த புதிது. எங்கள் லைனில் எட்டு வீட்டுக்கும் ஒரே குழாய். தண்ணீர் வரும் நேரத்தில் எல்லாப் பெண்களும் அங்கேதான். மஞ்சு புத்தகப் பையோடு அலுமினியத் தட்டையும் தூக்கிக்கொண்டு போனாள். நான் குடத்தை நகர்த்திக்கொண்டே, "அடியே குண்டு, உனக்கெதுக்குடி சத்துணவு? எலும்பும் தோலுமா இருக்கறதுங்க தின்னட்டும்!" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மஞ்சுவும் சிரித்தாள். அவள் சிரித்ததால் நான் அதை மறந்துபோனேன். அவள் மறக்கவில்லை. மறுநாள் முதல் தட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்... ஐந்து மாதமாக!

வகுப்பிலும் அதே கிண்டல்தானாம். வரிசையில் நின்றால் பின்னால் இருக்கிறவள் இடுப்பைக் குத்துவாளாம். யாரைக் குறை சொல்ல? வயசுக்கேற்ற அறிவு எனக்கே இல்லையே.

டாக்டர் விளக்கினார். அதட்டாமல்தான் சொன்னார், அதட்டியிருந்தால் தேவலை. மைதாவும் சர்க்கரையும் வயிற்றை அடைக்கும், உடம்பை ஊத வைக்கும், ரத்தம் ஊறாது. அதோடு, அடுத்த வேளை உண்டா இல்லையா என்று தெரியாத குழந்தை, கிடைக்கும்போது கண்டபடி தின்னும். "இவளுக்குச் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது. இவ இன்னும் சாப்பிடவே ஆரம்பிக்கல" என்றார்.

சரி, அந்த பன் எங்கிருந்து வருகிறது? அங்கேதான் இருக்கிறது கதை.

மஞ்சுவின் அப்பா மாதேஷ், அஞ்செட்டிப் பக்கத்துக் கிராமம். அங்கே கூலி வேலை. ஓசூரில் கம்பெனி வந்த பிறகு ஒரு வார்ப்புப் பட்டறையில் காண்ட்ராக்ட் வேலைக்கு வந்தார். ஆறு மாதமாக ஆர்டர் இல்லை. வாரத்தில் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் கூப்பிடுவார்கள். மற்ற நாளெல்லாம் கேட் வாசலில் நின்றுவிட்டு வருவார். ரேஷன் கார்டு அஞ்செட்டியில் கௌரம்மாவின் மாமனார் வீட்டோடு இருக்கிறது. அந்த ஊருக்கு இருக்கிற ஒன்றிரண்டு பஸ்ஸில் ஒன்றைப் பிடித்து அரிசி வாங்கி வருவதற்குள் ஒரு நாள் கூலி போய்விடும், கூப்பிட்டிருந்தால்.

எங்கள் லைனில் மற்றவர்கள் ஓரளவு நிலையான வேலையில் இருப்பவர்கள். ஷிப்ட் இடைவேளையில் கேன்டீனில் டீயும் பன்னும் தருவார்கள். சில நாள் இனிப்பும் உண்டு. டீயைக் குடித்துவிட்டு, பன்னைப் பேப்பரில் சுற்றி மஞ்சுவுக்குக் கொண்டுவருவார்கள். ஒரு வீடு இல்லை, ஏழு வீடு. ஏழாவது வீட்டில் நான். வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸ் கிளார்க்கான எனக்கும் கேன்டீன் பன் உண்டே!

ஏன் அரிசியாகக் கொடுக்கவில்லை என்று கேட்பீர்கள். கொடுத்தேன். ஒரு தடவை ஒரு டப்பா அரிசி அனுப்பினேன். மறுநாள் காலை அதே டப்பா, அதே அரிசி, திரும்பி வந்தது. "எங்க வூட்ல கீதுக்கா" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டுப் போனாள் கௌரம்மா. அரிசி கொடுத்தால் அது வீட்டுக்குக் கொடுத்தது. பன் கொடுத்தால் குழந்தைக்குக் கொடுத்தது. குழந்தைக்குத் தின்பண்டம் கொடுப்பதை எந்த வீடும் அவமானமாக நினைப்பதில்லை. ஆகவே, களிக்கு வழியில்லாத வீட்டுக்குள் எங்கள் உதவி பன்னாகப் போய்ச் சேர்ந்தது.

இங்கே காலையில் ஒருவரை ஒருவர் பார்த்தால் "சாப்டாச்சா?" என்போம். தளி ஊர்க்காரி பாக்கியம்மா கன்னடத்தில் "ஊட்டா ஆய்த்தா?" என்பாள். மூலை வீட்டில் தெலுங்கில் "தின்டிவா?" என்பார்கள். எந்த மொழியில் கேட்டாலும் கௌரம்மாவின் பதில், "ஆச்சு." யாராவது இல்லை என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நாம் யாராவது பதிலுக்காகத்தான் கேட்கிறோமா?

திரும்பி வரும்போது பஸ்ஸில் கௌரம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கொழந்த கொழுகொழுன்னு இருந்தா, அந்த வூட்ல அடுப்பு எரியலன்னு யாரும் நெனைக்க மாட்டாங்க இல்லக்கா? அதுக்கோசரம்தான் நானும் சும்மா இருந்துட்டேன்."

 அதைக் கேட்டதோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. குழாயடியில் எல்லோரும் இருக்கும் நேரமாகப் பார்த்து நான் சொற்பொழிவை ஆரம்பித்தேன். "இனிமே யாரும் மஞ்சுவுக்கு பன் குடுக்காதீங்க. அவங்க வீட்டுல கேழ்வரகு இல்ல. ஆளுக்கு ஒரு படி போட்டா..."

முடிக்கவில்லை. கௌரம்மா தண்ணீர் பாதி நிரம்பிய குடத்தை அப்படியே தூக்கினாள்.

"என் வூட்டு அடுப்ப பத்தி கொழாயடியில பேசுவீங்களாக்கா? உங்கள கூட்டிகினு போனது என் தப்பு."

கதவைச் சாத்திக்கொண்டாள். நாலு நாள் என் முகத்தில் விழிக்கவில்லை. மஞ்சுவையும் அனுப்பவில்லை. ஏழு வீட்டு பன்னும் வாசலோடு திரும்பியது. உதவி செய்யப் போய், இருந்ததையும் கெடுத்தேன். என் வீட்டுக்காரர், "நீ பத்தி எழுதுறதோட நிறுத்திக்கக் கூடாதா?" என்றார். நியாயமான கேள்விதான். பதில் சொல்லாமல் கோபப்பட்டேன்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் கௌரம்மாவே வந்தாள். உட்காரவில்லை. நின்றபடியே பேசினாள், மனசுக்குள் பல தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருப்பாள் போலிருந்தது.

"ஷிப்ட்டு வுட்டு வர நேரத்துல எல்லா வூட்லயும் அவசர அவசரமா ஆக்கறீங்க. பாதி நாளு பாதி வெந்தது. நான் பெரிய சட்டியில களி கிண்டறேன், எட்டு வூட்டுக்கும் சேர்த்து. கேவுரு, பருப்பு, கீர... யாருகிட்ட இன்னா இருக்குதோ அத போடுங்க. கிண்டற கை என்னுது. அது என் பங்கு. எல்லாரும் ஒரே சட்டியில தின்னலாம். குடுக்கறது, வாங்கறதுன்னு பேச்சு வேணாம்."

நான் தலையாட்டினேன். அந்த ஒரு தடவையாவது வாயைத் திறக்காமல் இருந்தேனே!

எட்டு வீட்டுக் களி கிண்டுவது விளையாட்டு இல்லை. கொதிக்கிற உலையில் மாவைக் கொட்டி, சட்டியைக் காலால் அணைத்துக்கொண்டு, துடுப்பால் கட்டி விழாமல் கிண்ட வேண்டும். நான் ஒரு நாள் முயன்று தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கினேன். பாக்கியம்மாவின் தம்பி தளியிலிருந்து வரும்போது கீரையும் அவரையும் கொண்டுவந்து போடுகிறான். கௌரம்மா உருட்டி வைக்கும் களியும் அவரைக்காய்க் குழம்பும் வந்த பிறகு, எங்கள் லைன் ஆண்கள் வெளியே டிபன் சாப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். ஏனென்று அவர்களைக் கேட்டால் உடம்புக்கு நல்லது என்பார்கள். உண்மை என்னவென்றால் எங்கள் யார் சமையலையும் விட அது ருசி.

பன்னுக்கும் கௌரம்மா ஒரு சட்டம் போட்டாள். வருகிற பன்னெல்லாம் ஒரே தட்டில் விழ வேண்டும். களி தின்ற பிறகு, லைனில் இருக்கிற எல்லாக் குழந்தைகளுக்கும் ஆளுக்கு ஒரு துண்டு. மஞ்சுவுக்கும் ஒரு துண்டு. முதல் நாள் அழுதாள். இப்போது துண்டு பெரிதா சின்னதா என்று சண்டை போடுகிறாள்; அது எல்லாக் குழந்தைகளும் போடுகிற சண்டைதான்.

மாதேஷுக்கு இன்னும் வேலை சரியாகவில்லை. ரேஷன் கார்டை ஓசூருக்கு மாற்ற மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதுவாவது எனக்குத் தெரிந்த வேலை. டாக்டர் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரை ஓடிக்கொண்டிருக்கிறது. மஞ்சு ஒன்றும் இளைத்துவிடவில்லை. ஆனால் மயங்கி விழுவதில்லை. மூச்சு வாங்கினாலும் கபடியில் நிற்கிறாள்.

எல்லாம் சரி... பள்ளிக்கூடச் சாப்பாடு? அதற்கு மட்டும் அவள் போகவில்லை. கௌரம்மா சொன்னாள். அப்பா சொன்னார். வாத்தியாரம்மாவே கூப்பிட்டாராம். அசையவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும், எனக்கு நன்றாகவே தெரியும்.

போன வாரம் அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். "மஞ்சு, அன்னிக்கு ஆன்ட்டி சொன்னது தப்பு. ரொம்பத் தப்பு. மனசுல வச்சுக்காதே, நாளையிலேர்ந்து சாப்பிடப் போ" என்றேன்.

தலையைச் சாய்த்து யோசித்தாள்.

"அன்னிக்கு எல்லாரும் கேக்க சொன்னீங்களே. இப்ப மட்டும் ஏன் மெதுவா சொல்றீங்க?"

ஒன்பது வயசு! எனக்கு முதலில் சுருக்கென்று கோபம்தான் வந்தது. பிறகு வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை எட்டுக் குடமும் இருக்கும்போது சொன்னேன். மேடையில் பேசியிருக்கிறேன், மேனேஜரிடம் சண்டை போட்டிருக்கிறேன், அப்போதெல்லாம் குரல் நடுங்கியதில்லை. "மஞ்சுவை நான் அன்னிக்குக் கேலி பண்ணினது தப்பு. சத்துணவு அவளுக்கும்தான். இனிமே யாரும் அந்தப் பேச்சுப் பேசக் கூடாது, நானும் பேச மாட்டேன்." யாரும் சிரிக்கவில்லை. பாக்கியம்மா மட்டும் என் குடத்தைக் குழாயடியில் முன்னால் நகர்த்தி வைத்தாள். மஞ்சு தட்டை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

சாயங்காலம் நேராக என்னிடம் வந்தாள்.

"ரெண்டாவது வாட்டி கேட்டு வாங்கினேன் ஆன்ட்டி."

"யாராவது சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க. நான் வாங்கிகினு வந்து ஒக்காந்து தின்னேன்."

அந்தக் கன்னத்தைக் கிள்ளலாம் என்று கை போனது. அடக்கிக்கொண்டு, என்ன குழம்பு என்று மட்டும் கேட்டேன்.