எடை பார்த்த பிறகு கொடுக்காத தண்ணீர்

பிளஸ் டூ படித்த வருடம் எங்கள் கபடி அணிக்குச் சாப்பாட்டு மந்திரி நான்தான். யாரும் நியமிக்கவில்லை. விளையாட்டு வீரர்களின் உணவு பற்றி ஏதோ ஒரு பத்திரிகையில் வந்த கட்டுரையைக் கத்தரித்து வைத்திருந்தேன்; அது போதாதா? ஓரிக்கைப் பக்கம் பாலாற்று மணலில் பயிற்சி முடிந்ததும் பையன்கள் பஜ்ஜிக் கடைக்கு ஓடுவார்கள். நான் பின்னாலேயே ஓடிக் கையைத் தட்டிவிடுவேன்.

மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கும் போட்டி வந்தது. ஐம்பத்தைந்து கிலோவுக்குள் இருந்தால்தான் இறங்க முடியும். எதிரணிக்குள் பாடிப் போவதில் எங்கள் ஊரிலேயே கெட்டிக்காரனான என் வகுப்புத் தோழன் ஒன்றரை கிலோ அதிகம். மார்க்கை நம்பி அவனுக்குக் கல்லூரியில் இடம் கிடைக்காது. மாவட்ட அணியில் பெயர் வந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேரலாம். அடுத்த வருடம் வயது தாண்டிவிடும்.

இரண்டு நாள் சோற்றை நிறுத்தினேன். முந்தின நாள் மதியத்திலிருந்து தண்ணீரும் கிடையாது. ஸ்வெட்டர் மாட்டி வெயிலில் ஓடவிட்டேன். காலையில் தராசு முள் சரியாக நின்றது. துள்ளியவன் நான்தான். அவன் உதட்டை நாக்கால் தடவிக்கொண்டிருந்தான்.

"இப்பனாச்சும் குடிக்கலாமில்ல?" என்று பாட்டிலை எடுத்தான்.

பிடுங்கிக்கொண்டேன். "இன்னாபா நீ! ஒரு மணி நேரத்துல மேட்ச். தண்ணி குட்ச்சா தம் நிக்காது."

"தொண்ட ஒட்டிக்கினு இருக்குதுடா. கபடின்னே வாய்ல வராது."

"வரும் வரும். ஜெயிச்சிட்டு ஒரு குடம் குடி, நானே தூக்கினு வரேன்."

வயிறு காலியாக இருந்தால்தான் மூச்சு நீளும் என்று எங்கள் மைதானங்களில் எல்லோரும் சொல்வார்கள். எடை பார்த்ததும் தண்ணீரும் கஞ்சியும் கொடுக்க வேண்டும் என்று அந்தக் கட்டுரையில் இருந்தது. படித்தும் இருந்தேன். எழுதினவருக்குக் கபடி பற்றி என்ன தெரியும் என்று தள்ளிவிட்டேன்.

மூன்றாவது முறை பாடிப் போனபோது இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். கோட்டுக்கு இரண்டடி இருக்கும்போது கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. விழுந்தவன் மேல் ஐந்து பேர் விழுந்தார்கள். அதற்குமேல் அவனால் நிற்க முடியவில்லை. தேர்வாளர் வேறொரு பையனின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

பி.டி. சார் காலை நீவிக்கொண்டே கேட்டார்: "தண்ணி கிண்ணி குட்ச்சானாடா?"

"குட்ச்சான் சார்," என்றேன் நான். அவன் என்னைப் பார்த்தான்.

"அப்ப காலுதான்பா சரியில்ல. பெரிய ஆட்டத்துக்கு இது தாங்காது," என்றார் சார்.

அதை அவன் அப்படியே நம்பிவிட்டான். கபடியை விட்டான். நான் கல்லூரிக்குப் போனேன். அவன் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலைக்குப் போனான். போன மாதம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். கூட வேலை செய்கிறவரிடம் என்னைக் காட்டி, "எனக்காக ரொம்ப ஒழச்சாம்பா. என் காலுதான் கவுத்துட்ச்சு," என்றான்.

கால் இல்லைடா என்று வாயெடுத்தேன். அவர்களுடைய பஸ் வந்துவிட்டது. வராமல் இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா, தெரியவில்லை.