சும்மா கிடக்கிற வெளிச்சம்

துணிக்கடைக்குள் நுழைந்ததும் மற்றவர்கள் துணியைப் பார்ப்பார்கள். அவர் கூரையைப் பார்ப்பார். கைப்பையிலிருந்து வெளிச்சம் அளக்கும் மீட்டரை எடுத்து விளக்குக்குக் கீழே நீட்டுவார். "கரண்ட் ஆபீஸா?" என்று கடைக்காரர் பதறினால், "இல்லீங்க, இவ்வளவு வெளிச்சம் சும்மா கிடக்குதேன்னு பாத்தேன்" என்பார். எடுக்க வந்த துணியை எடுக்காமலே வெளியே வந்துவிடுவதும் உண்டு.

எங்கள் எதிர்வீட்டுப் பெண்மணி. ஓர் ஆய்வுக்கூடத்தில், அறை விளக்கின் வெளிச்சத்திலிருந்தே மின்சாரம் எடுக்கும் சூரியத் தகடு செய்கிறார். மொட்டைமாடியில் நாம் பார்க்கிற கனத்த கண்ணாடிப் பலகை இல்லை இது. கரிமப் பொருளை மைபோலக் கரைத்து, பிளாஸ்டிக் தாளில் மெலிதாகப் பூசி எடுப்பது. வளைத்தால் வளையும், திராட்சைச் சாறு சிந்திய நிறம். "அது வெயில்ல ஊர் சுத்தும். இது வீட்டோட இருக்கிற பிள்ளை" என்பார்.

கூட வேலை பார்ப்பவர்கள் அவருக்கு வைத்த பெயர் டியூப்லைட். கோபமே வராது. "லேட்டானாலும் எரியுறேன்ல?"

போன வருடம் அவருடைய மாமியார் பக்கவாதத்தில் படுத்தார். ஜன்னல் இல்லாத உள்ளறையில் கட்டில். அழுத்தினால் கூடத்தில் மணி அடிக்கும்படி ஒரு பொத்தானைத் தலைமாட்டில் வைத்திருந்தார்கள். ஒரு மாலை கூடத்தில் எல்லோரும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தபோது, தற்செயலாக இவர் உள்ளே போனார். தண்ணீர் டம்ளரை எட்டப்போய், பாதி உடம்பு கட்டிலுக்கு வெளியே தொங்க, மாமியார் கிடந்தார். பொத்தானில் பேட்டரி தீர்ந்திருந்தது.

மாமியார் திட்டவில்லை. "நீங்க சிரிச்சது எனக்குக் கேட்டுச்சு. நான் அமுக்குனதுதான் உங்களுக்குக் கேக்கல" என்றார், குழறிய நாக்கோடு. அதன்பிறகு மருமகளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆய்வுக்கூடத் தலைவரிடம் கேட்டு ஒரு துண்டுத் தகடு வாங்கிவந்து பேட்டரிக்குப் பதில் பொத்தானின் முகப்பில் பொருத்தினார். அது சொதப்பியது. ஓரத்தில் ஈரக்காற்று நுழைந்து, நிறம் வெளுத்து, மணி மறுபடி ஊமையானது. காலையில் தானே அழுத்திப் பார்க்கும் வழக்கம் வைத்திருந்ததால் உடனே தெரிந்தது. முகம் தொங்கிப்போய் நின்றவரை மாமியார்தான் தேற்றினார்: "விடும்மா. அதுக்கும் என்னை மாதிரி நாக்கு இழுத்துக்கிச்சு."

அடுத்த துண்டின் ஓரங்களை அகலமாக ஒட்டி, காற்றுப் புகாமல் இரண்டு தாளுக்குள் அடைத்தார். பகலெல்லாம் அறை விளக்கின் வெளிச்சத்தைக் குடித்துச் சேமித்துக்கொண்டு, விளக்கை அணைத்த பிறகும் பொத்தான் விழித்திருந்தது.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு ஓடினால், "ஒண்ணுமில்ல, கேக்குதான்னு பாத்தேன்." மகனுக்கு ஒரு மணி, மருமகளுக்கு இரண்டு என்று மாமியார் சட்டம் வேறு போட்டுவிட்டார். மகனுக்கான ஒற்றை மணி அபூர்வம். "எங்க அத்தை கையில அதைக் கொடுத்துட்டு நான் படுற பாடு இருக்கே" என்று எங்கள் வீட்டு வாசலில் நின்று புலம்புவார். புலம்பும் முகமெல்லாம் சிரிப்பு.

போன வாரம் நலம் விசாரிக்கப் போனேன். மாமியார் தன் கல்யாணத்தில் நடந்த கூத்தை விவரிக்க, கட்டிலருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் நிழல் பொத்தானின் மேல் விழுந்திருந்தது, நான் கவனிக்கவில்லை. மாமியாருக்குத் தலை வாரிக்கொண்டிருந்தவர், கதைக்குச் சிரித்தபடியே, சீப்பு பிடித்த கையால் என் தோளைத் தொட்டு, மெல்ல ஓரடி நகர்த்தி நிறுத்தினார்.