மூன்றாவது தடவை கூப்பிட்டால்தான் கதவு திறக்கும்

வீடு வீடாகப் போய் வேதம் படித்துக் காட்டுகிற ஊழியத்தில் பாதிப் பொழுது பூட்டாத கதவுக்கு வெளியே நிற்பதிலேயே போய்விடும். உங்களில் யாராவது இப்படி அலைந்திருந்தால் என் பாடு புரியும். எட்டாவது வரை ஊரில் படித்தவள் நான். வீட்டுக்காரருக்கு நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. ஆறு மாதம் பார்க்கட்டும் என்று போதகர் ஐயா என்னை அனுப்பினார். அதற்குப் பிறகு சபைக் கமிட்டி முன்னால் நின்று, ஆண்டவர் என்னை எப்படி அழைத்தார் என்று சாட்சி சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் வேறு ஆள். எனக்கோ ஒரு கனவுகூட வந்ததில்லை.

வளையல் சத்தம்

முதல் வீடே மைன்ஸ் குவார்ட்டர்ஸில் பாக்கியம் என்பவளுடையது. உச்சி வெயில். "பாக்கியம்" என்றேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். கதவுக்குப் பின்னால் வளையல் குலுங்குகிறது, ஆள் மூச்சு விடுவதுகூடக் கேட்கிறது, கதவு மட்டும் திறக்கவில்லை. இடுப்பில் என் கைக்குழந்தை நெளிய, மூன்றாவது தடவை கத்தினேன். உடனே திறந்தாள்.

"ரெண்டு தடவ காத்து கருப்பு கூடக் கூப்புடும்க்கா, மூணாந்தடவ கூப்புட்டாதான் மனுசங்க."

மெஷின் நின்றபோது

அடுத்த வாரம் அவள் வீட்டிலேயே ஜெபக்கூட்டம். ஆலயத்தில் படுத்திருந்த பிள்ளையை ஆண்டவர் பேர் சொல்லிக் கூப்பிட்ட வேதக் கதையைச் சொன்னேன். பெரியவர்தான் கூப்பிடுகிறார் என்று அவன் ஒவ்வொரு தடவையும் எழுந்து ஓடினான் என்றதும் பெண்கள் முகம் மாறிவிட்டது. "முதல் தடவையே எழுந்துட்டானா? பெத்தவ சொல்லி வளக்கலியா?" என்றாள் ஒருத்தி.

அந்த நேரம் பார்த்து சுரங்கத்து மெஷின் இரைச்சல் நின்றது. நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு நாங்கள் மறந்துபோன சத்தம். நின்றபோது காது அடைத்துப்போனது. வாசலில் யாரோ "பாக்கியம்" என்றார்கள், ஒரே தடவை. ஒருத்தியும் அசையவில்லை. சிரித்துக்கொண்டே நான்தான் போய்த் திறந்தேன். தெரு காலி. கொடியில் காய்ந்த வேட்டிமேல் சாம்பல் தூசி இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்தே பாக்கியம் கேட்டாள்.

"அதான் யாரும் இல்லியே, அப்புறம் யாருக்குக்கா கதவத் தொறந்து வச்சிகினு நிக்கிறே?"

ஓடு பிரித்த வீடுகள்

கம்மாபுரம் பக்கம் சுரங்கத்துக்காக நிலம் எடுத்த ஊர் ஒன்று. நாலு குடும்பம்தான் மிச்சம். மற்ற வீடுகளில் ஓட்டைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். செவ்வாய்க்கிழமைதோறும் அங்கே எஸ்தரம்மா என்ற விதவைக்கு வேதம் படித்துக் காட்டுவேன். அன்றைக்குக் குழந்தைக்கு உடம்பு சுட்டது. அந்த ஊர்த் தெருவில் பாதி தூரம் போனவள் திரும்பிவிட்டேன்.

"ரோசம்மா."

கூரையில்லாத சுவர்களுக்குள்ளிருந்து என் பெயர். ஆண் குரலா பெண் குரலா, இன்றைக்கும் சொல்லத் தெரியாது. நின்றேன். இரண்டாவது தடவை வரவில்லை. குழந்தை மட்டும் அழுகையை நிறுத்திவிட்டு அந்தப் பக்கமே பார்த்தது. மூன்றாவது தடவைக்குக் காத்திருக்க மனசு கேட்கவில்லை, குரல் வந்த பக்கமே போய்விட்டேன்.

அந்தச் சுவர்களுக்குப் பின்னால் எஸ்தரம்மா கிணற்றடியில் விழுந்து கிடந்தார். இடுப்பு எலும்பு முறிந்து, காலையிலிருந்து வெயிலில். கூச்சல் போட்டு ஆள் சேர்த்து, ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிழைத்துக்கொண்டார். மறுநாள், "நல்லவேளை கூப்பிட்டீங்க" என்றேன்.

"நாக்கு மேலண்ணத்துல ஒட்டிகினு கெடந்துச்சு கண்ணு, நான் எங்க கூப்புட்டேன்?"

கமிட்டி

நடந்ததை அப்படியே சொன்னேன். "அது ஆண்டவர் குரல்தான்னு எப்படிம்மா நிச்சயம்?" என்றார் போதகர் ஐயா. "நிச்சயமெல்லாம் இல்லீங்கய்யா. போன எடத்துல ஆள் கெடந்தாங்க" என்றேன். கடைசியில் மைன்ஸில் மெஷின் ஓட்டுகிற பெரிய மீசைச் சபை மூப்பர் தொண்டையைச் செருமினார்.

"அந்த ஊரு விசிட்ட இந்தம்மாவுக்கே குடுத்துடுங்க ஐயா, என்னைப் போகச் சொல்லாதீங்க."

அழைப்பு வந்தவர்களுக்கு முகம் பிரகாசிக்கும் என்பார்கள். எனக்கு வந்ததென்னவோ செவ்வாய்க்கிழமைதோறும் ஆளில்லாத தெருவில் தனியாக நடக்கிற பெர்மனென்ட் டூட்டிதான்.