இரண்டு பொட்டலங்களில் ஒன்று

தரம் எட்டுக்கு நிகழ்தகவு தொடங்கிய அன்று வகுப்பை ஐந்து குழுவாகப் பிரித்தேன். குழுவுக்கு ஓர் ஐந்து ரூபாய்க் காசு கொடுத்து, அதை ஐம்பது தடவை சுண்டி, தலை எத்தனை தடவை விழுகிறது என்று எழுதச் சொன்னேன். பத்து நிமிடத்தில் ஐந்து கொப்பிகளும் மேசைக்கு வந்துவிட்டன. ஐந்திலும் இருபத்தைந்து.

எனக்குக் கோபம் வந்தால் குரல் பக்கத்து வகுப்புக்கும் சேர்த்துப் படிப்பிக்கும். "சரியான விடைய நான் கேட்கல்ல. நடந்தத எழுதுங்க!" என்று கத்தினேன். மறுநாள் நானே ஒவ்வொரு குழுவின் பக்கத்திலும் நின்றுகொண்டேன். விட்டேனா பார் என்று மறுபடியும் ஐம்பது தடவை சுண்டவைத்தேன். இந்த முறை ஒருவருக்கு முப்பத்தொன்று, ஒருவருக்கு இருபத்திரண்டு என்று கன்னாபின்னாவென்று வந்தது. பத்தொன்பது வந்த குழுவின் தலைவி அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். மூன்றாம் வரிசையில் இருக்கும், அதிகம் வாய் திறக்காத பிள்ளை.

"பிழையா டீச்சர்?"

"இல்ல புள்ள. நெசமாச் செஞ்சா இப்படித்தான் கோணலா வரும்."

அவள் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "பூக்கட்டிப் பாக்கிறதும் இப்பிடித்தானா டீச்சர்?" என்று கேட்டாள்.

எனக்கு விளங்கவில்லை. நான் மாத்தளை டவுனில் பிறந்து வளர்ந்த முஸ்லிம் பெண். எல்கடுவப் பக்கம் இருக்கிற இந்தத் தேயிலைத் தோட்டப் பாடசாலைக்குத் தினமும் பஸ் ஏறி வருகிறவள். வகுப்பே சேர்ந்து எனக்குப் பாடம் நடத்தியது. வீட்டில் பெரிய முடிவு எடுக்க வேண்டுமென்றால் கோயிலில் ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூவும் இன்னொன்றில் சிவப்புப் பூவும் வைத்து, ஒரே மாதிரிக் கட்டி, சாமி காலடியில் போடுவார்களாம். வீட்டில் சின்னவர் ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது.

"ரெண்டு பொட்டலம், ஒன்ன எடுக்கிறீங்க. அப்ப நிகழ்தகவு அரை" என்று சொல்லிவிட்டேன். அடுத்தவர் சாமியைக் கரும்பலகைக்கு இழுத்துவிட்டோமே என்று சொன்ன பிறகுதான் உறைத்தது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதல்ல.

மணி அடித்த பிறகு அவள் மட்டும் நின்றாள். வருகிற வெள்ளிக்கிழமை அவள் வீட்டில் பூக்கட்டிப் பார்க்கப் போகிறார்களாம். அம்மா வீட்டு வேலைக்கு வெளிநாடு போவதா வேண்டாமா என்று. பாஸ்போர்ட் எடுத்தாகிவிட்டது, ஏஜென்சியில் பெயரும் கொடுத்தாகிவிட்டது. தோட்டத்து லயத்தில் இருக்கும் ஒற்றை அறையை விட்டு ஒரு சொந்த வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. வீட்டில் சின்னவள் இவள்தான். பொட்டலத்தை எடுக்கப்போவதும் இவள்தான்.

"செவப்பு வர்ற மாதிரி எடுக்க ஏதாச்சும் கணக்கு இருக்கா டீச்சர்?"

இல்லை என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். முடியவில்லை. "தொட்டுப் பார்த்தா தெரியாதா?" என்று கேட்டேன். கணக்கு டீச்சர் களவுக்கு வழி சொல்லிக்கொடுக்கிறாள்! நல்ல வேளை, பிள்ளை என்னைவிட நேர்மையானவள். "சாமிகிட்ட அப்பிடிச் செய்யக் கூடாது" என்று தலையை ஆட்டினாள்.

மாத்தளைக்கு இறங்கும் பஸ்ஸில் அதே யோசனை. அதெல்லாம் மூடநம்பிக்கை என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. கலியாணத்துக்கு முன்னால் இஸ்திகாரா தொழுது, அல்லாஹ் காட்டுகிற வழி என்று காத்திருந்தவள்தான் நானும். ஆனாலும் அந்தப் பிள்ளையைப் பாதி வாய்ப்போடு கோயிலுக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

வியாழக்கிழமை அவளைக் கூப்பிட்டேன். "அரைய மாத்த என்னால ஏலாது. ஒன்னு கேக்கிறேன். போக வேணாம்னு அம்மாகிட்ட நீ சொன்னியா?"

"இல்ல."

"ஏன்?"

"நான் சொல்லியும் போயிட்டாங்கன்னா?"

பதிமூன்று வயதுப் பிள்ளை. பூ போகச் சொன்னால் தாங்கிக்கொள்வாள். தன் பேச்சைக் கேட்காமல் அம்மா போனால் தாங்கமாட்டாள். இருந்தும் நான் விடவில்லை. "சொல்லிட்டு எடு. சொல்லாம எடுக்காத" என்றேன். அதற்குமேல் பேச எனக்கு உரிமையில்லை. அவ்வளவு பேசவும் உரிமை இருந்ததா என்று தெரியாது.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. அன்று என்ன படிப்பித்தேன் என்று கேட்டால் தெரியாது.

செவ்வாய் பகல் அவளுடைய அம்மா நேரே வகுப்பு வாசலுக்கு வந்து நின்றார். கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து வந்தபடியே, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு. தொலைந்தோம், பாடசாலை அதிபரிடம் போய்த்தான் முடியும் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"நீங்கதான் எம் மகளப் பேசச் சொன்னீங்களா?"

"ஆமா" என்றேன். பொய் சொல்ல நேரமும் இல்லை.

"பொட்டலத்த எடுத்து கைக்குள்ள பொத்திக்கிட்டா டீச்சர். பூசாரி கேக்கிறாரு, குடுக்கல. எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்காங்க. 'அம்மா, நீங்க போக வேணாம், எனக்கு வீடு வேணாம்'னு சொல்லிட்டுத்தான் குடுத்தா. இது வரைக்கும் எங்கிட்ட எதையும் வேணும்னோ வேணாம்னோ சொன்ன புள்ள இல்ல."

நான் கேட்கப் பயந்ததை அவரே சொன்னார்.

"பிரிச்சுப் பாத்தோம். வெள்ளை."

பிள்ளையைப் பேசவும் வைத்து, தோற்கவும் வைத்துவிட்டேன்.

"அப்ப நீங்க..."

"நேத்து அவளையும் கூட்டிக்கிட்டு மாத்தளைக்குப் போயி, ஏஜென்சியில பேர வெட்டிட்டு வந்துட்டேன்."

"வெள்ளைன்னா போகச் சொல்றதுதானே?"

அந்த அம்மா என்னை, சின்னக் கணக்கையும் பிழையாகச் செய்துவிட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"சாமி போகலாம்னுதான் டீச்சர் சொல்லிச்சு. போன்னு சொல்லல. போகாதன்னு சொன்னது எம்புள்ள."