புஷ்பவல்லி வாங்கிய ஐஸ் ஆகர்

ரிச்சி வந்து ஏரிப் பனியில் ஓட்டை போட்டுக் கொடுக்கும்வரை வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்ததே, அதைத்தான் புஷ்பவல்லியால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. குளிரைப் பொறுத்துக்கொண்டாள். மூக்கு நுனி மரத்துப்போவதைப் பொறுத்துக்கொண்டாள். ஆனால் சுற்றிலும் ஏரி முழுக்க ஆட்கள் தங்கள் பாட்டுக்குத் துளை போட்டு, தூண்டிலை இறக்கி, மீன் எடுத்துக்கொண்டிருக்க, தான் மட்டும் பந்திக்குக் காத்திருப்பவளைப்போல் உட்கார்ந்திருப்பது அவளுக்கு ஆகவில்லை.

ஹோபாட்காங் ஏரி நியூ ஜெர்சியின் வடக்குப் பக்கம் இருக்கிறது. எல்லா வருஷமும் அது உறைவதில்லை. சில வருஷம் ஓரத்தில் மட்டும் மெல்லிசாகத் தகடு கட்டிவிட்டு, அடுத்த மழையில் கரைந்துபோகும். நன்றாக உறைகிற வருஷத்தில், பனிக்கட்டி நாலு அங்குலத்தைத் தாண்டிவிட்டது என்ற செய்தி பரவியதும், கடப்பாரையும் வாளியும் சறுக்குவண்டியுமாக ஆட்கள் இறங்கிவிடுவார்கள். பனியில் துளை போடுகிற நீளமான திருகு மெஷினுக்கு அங்கே ஆகர் என்று பெயர். ஆகர் இல்லாதவருக்கு ஏரியில் வேலையில்லை. உட்காரத்தான் முடியும்.

புஷ்பவல்லி முதலில் அங்கே போனது மீனுக்காக அல்ல. ஐம்பத்தோரு வயது. பார்சிப்பனியில் ஒரு மருந்து கம்பெனியின் தரப் பரிசோதனை லேபில் வேலை. கணவர் சேனாபதி ஐ.டி.யில் இருக்கிறார். இருவரும் கோபிசெட்டிபாளையம் பக்கத்துக்காரர்கள். மகள் வெண்பா பாஸ்டனில் வேலை பார்க்கிறாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் புஷ்பவல்லிக்கு இடது மார்பில் கேன்சர் வந்தது. மார்பை எடுத்தார்கள். அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுத்தார்கள். அதனால் இடது கையில் நீர் கோத்து வீங்கிவிடும் அபாயம் எப்போதும் உண்டு. கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பியபோது, பார்க்கிறவர்கள் எல்லாம் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, குரலைத் தாழ்த்தி, "இப்ப எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார்கள். கேட்டுக்கொண்டே ஒரு நொடி அவள் நெஞ்சைப் பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்தார்கள். அந்த ஒரு நொடிதான் அவளுக்கு எரிச்சல்.

லேப் கட்டடத்தின் மெயின்டனன்ஸ் ஆள் ரிச்சி மட்டும் அப்படிக் கேட்கவில்லை. "சனிக்கிழமை ஏரிக்கு வா. மீன் பிடிக்கலாம்" என்றார். போனாள். அங்கே எல்லாரும் முட்டிவரைக்கும் கோட்டு, அதற்கு மேல் ஒரு கோட்டு, காதுக்குல்லாய். ஆணா பெண்ணா, ஒல்லியா குண்டா, யாருக்கு என்ன இருக்கிறது, என்ன இல்லை, எதுவும் தெரியாது. மூச்சுப்புகை மட்டும் தெரியும். யாரும் தலையைச் சாய்க்கவில்லை. அன்றே அவளுக்கு அந்த இடம் பிடித்துப்போயிற்று.

ரிச்சி நல்ல மனிதர். அவருடைய பெட்ரோல் ஆகரால் அவளுக்கும் ஒரு துளை போட்டுக் கொடுப்பார். "இங்கே உட்கார்" என்பார். அங்கேயே உட்காருவாள். இரண்டு குளிர்காலம் இப்படிப் போயிற்று. இந்த வருஷம் ஒரு நாள் அவள், "ரிச்சி, அதோ அந்தக் கரை முனைக்குப் பக்கத்தில் ஆழம் இறங்குகிற மாதிரி தெரிகிறது. அங்கே ஒன்று போடலாமா?" என்று கேட்டாள். "அங்கே ஒன்றும் இருக்காது. இங்கேயே நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் வேறு நண்பர்களுக்குத் துளை போடப் போய்விட்டார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் குல்லாயைக் கழற்றாமலே சொன்னாள்.

"ஏனுங்க, எனக்குன்னு ஒரு ஆகர் வாங்கப் போறேன். பேட்டரியில ஓடறது."

சேனாபதி கையிலிருந்த போனைக் கீழே வைத்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் புஷ்பவல்லியின் கையில் ஒரு கேலன் பால் கேனைக்கூட விடுவதில்லை. கார் டிக்கியைத் திறந்தால் ஓடி வருவார்.

"புஷ்பா, அந்தக் கையால பாரம் தூக்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியும்ல? வீங்கிச்சுன்னா அப்புறம் எறங்கவே எறங்காது."

"தெரியும். அதுக்குன்னு ஒவ்வொருத்தன் வந்து எனக்கு ஓட்டை போட்டுக் குடுக்கோணுமா?"

"ரிச்சிதான் போட்டுக் குடுக்கறாரே, அதுல உனக்கு என்ன கொறைஞ்சு போச்சு?"

"எங்க போடறதுன்னு அவரு முடிவு பண்றாரு. அதுதான் கொறை."

மறுநாள் இருவரும் ஏரிக்குப் போகிற ரோட்டில் இருக்கும் தூண்டில் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் அவளைத் தாண்டிச் சேனாபதியைப் பார்த்துப் பேசினார். "துளை போடுவது நீங்களா, உங்கள் மனைவியா?" என்று கேட்டார். "மனைவிதான் என்றால் வேண்டாம் சார். இதெல்லாம் கையை முறுக்கிவிடும்" என்றார். சேனாபதி தலையாட்டினார். இரண்டு ஆண்களும் தன் தலைக்கு மேலாகத் தன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்த புஷ்பவல்லிக்கு உச்சிவரைக்கும் சூடு ஏறியது. சுவரில் தொங்கியதிலேயே பெரிசாக இருந்ததைக் காட்டினாள். பத்து அங்குல வாய். முழுக்க இரும்புத் திருகு.

"அதை எடுங்க" என்றாள்.

அந்தக் கோபத்தில் வாங்கியதற்குக் கூலி அடுத்த சனிக்கிழமையே கிடைத்தது. முந்தின இரவு ஆகரைக் காரிலேயே விட்டிருந்தாள். விடிய விடியக் குளிரில் கிடந்த பேட்டரி, ஏரியில் ஸ்விட்சைப் போட்டதும் பாதிச் சார்ஜ்தான் காட்டியது. முதல் துளை எப்படியோ இறங்கியது. இரண்டாவதில் பாதியிலேயே முனகத் தொடங்கியது. பிளேடு பனியைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. திருகு நின்றது, மேலே இருந்த மெஷின் சுற்றியது. அவள் இடது கையையும் சேர்த்துச் சுற்றியது. தோளிலிருந்து விரல்வரைக்கும் மின்னல் வெட்டியதுபோல் ஒரு வலி. முழங்காலில் விழுந்தாள். ரிச்சி ஓடி வந்து மெஷினைப் பிடுங்கி எடுத்தார். அவளுக்காக அந்தத் துளையைத் தன் ஆகரால் முடித்துக் கொடுத்தார். அவள் அதில் தூண்டில் போடாமலே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

சாயந்திரத்துக்குள் கை உருண்டு திரண்டு வீங்கிவிட்டது. வளையல் ஏறவில்லை. வீக்கத்துக்கென்று ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த இறுக்கமான கை உறையைச் சேனாபதி எடுத்து வந்து, விரலிலிருந்து மெதுவாக ஏற்றிவிட்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. வெண்பா வீடியோவில் வந்து, "அம்மா, ஜஸ்ட் ஸ்டாப். ப்ளீஸ்" என்றாள். தமிழ்ச் சங்கத்தில் பழக்கமான யாமினி ரசம் கொண்டுவந்தாள். சோபாவில் உட்கார்ந்து, கை உறையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

"உயிர் பொழைச்சதே பெரிய விஷயம் புஷ்பா. உனக்கு எதுக்கு இந்த ரிஸ்க் எல்லாம்? வீட்ல நிம்மதியா இருக்கக் கூடாதா?"

"வீட்டுல நிம்மதியா இருக்கறதுக்கா அக்கா நான் பொழைச்சேன்?" என்றாள் புஷ்பவல்லி.

யாமினி ரசத்தை ஒரு டம்ளரில் ஊற்றி நீட்டினாள். ரசம் நன்றாக இருந்தது. அதையும் புஷ்பவல்லி சொன்னாள்.

வீக்கத்துக்காகப் போய்ப் பார்த்த பிசியோதெரபிஸ்ட் ஒரு இளம் பெண். புஷ்பவல்லி நடந்ததை மறைக்காமல் சொன்னாள். திட்டு விழும் என்று எதிர்பார்த்தாள். அந்தப் பெண்ணோ கையை நீவிக்கொண்டே, "பாரம் தூக்கவே கூடாது என்று யார் சொன்னது? திடீரென்று வெட்டி இழுக்கிற வேலைதான் ஆகாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனால் இந்தக் கை தாங்கும். எந்த மெஷின் உன் கையை உதறாதோ, அதைக் கண்டுபிடி" என்றாள்.

காரில் திரும்பி வரும்போது அந்தப் பேச்சே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. பெரியதை வாங்கியது தனக்காக இல்லை, கடைக்காரர் முகத்துக்காக என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கிற்று. லேபில் ஒரு கருவி வாங்க வேண்டுமென்றால் எவ்வளவு பார்ப்பாள்! இதற்கு மட்டும் கோபத்தில் கை நீட்டிவிட்டாள். இனிமேல் யோசித்து வாங்குவது என்று தீர்மானித்தாள். விடுவது என்ற எண்ணம் மட்டும் வரவே இல்லை.

வீக்கம் வடிகிறவரை, தெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்தபடி சின்ன டம்பெல்லைத் தூக்கிக்கொண்டே ஆகர்களைப் பற்றிப் படித்தாள். இந்த ஏரியில் அவளுக்குக் கிடைக்கிற மீன் எல்லாம் பெர்ச்சும் ஒல்லி ஒல்லியான பிக்கரலும்தான். அதற்கு ஆறு அங்குலத் துளை தாராளம். வாய் சின்னதானால் பிளேடு வெட்டுகிற பனியும் குறைவு, உதறலும் குறைவு. நியூ ஜெர்சியில் பனி ஒரு அடி கனத்துக்கு மேல் போவதே அபூர்வம், எனவே நீளத்திருகு வேண்டியதில்லை. சாதாரண டிரில் மெஷினில் மாட்டுகிற ஆகர் எடை குறைவுதான், ஆனால் முறுக்கு முழுவதும் ஒரு மணிக்கட்டில் விழும். இரண்டு பக்கமும் கைப்பிடி இருந்தால் பாரம் பிரியும். விரலை எடுத்த நொடி நிற்க வேண்டும். சிக்கிக்கொண்டால் பின்பக்கமாகச் சுற்றி வெளியே வர வேண்டும். பேட்டரி எவ்வளவு பெரிசு என்பதைவிட, அது குளிரில் விறைக்காமல் இருப்பதுதான் முக்கியம். வீட்டுக்குள் சார்ஜ் போட்டு, உடம்புச் சூட்டிலேயே வைத்துக் கொண்டுபோய், துளை போடும்போது மட்டும் மாட்ட வேண்டும்.

இந்த முறை கடைக்குத் தனியாகப் போனாள். பழைய ஆகரைக் கவுன்டரில் வைத்ததும் கடைக்காரர் லேசாகச் சிரித்தார். "ரொம்பக் கனமாப் போச்சா?"

"ஆமாம். கனம்தான்" என்றாள் புஷ்பவல்லி. பின்னால் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். குரலைத் தாழ்த்தவில்லை. "எனக்கு கேன்சர் வந்து இந்தப் பக்கம் எடுத்துட்டாங்க. இந்தக் கை உதறலைத் தாங்காது. பாரத்தைத் தாங்கும். ஆறு அங்குலத்துல, பிளேடைத் தவிர மத்ததெல்லாம் பிளாஸ்டிக்ல, ரெண்டு கைப்பிடியோட என்ன வெச்சிருக்கீங்க? என்கிட்ட காட்டுங்க. என்னைப் பார்த்துப் பேசுங்க."

வெளி ஆள் ஒருவரிடம் அதைச் சொன்னது அதுவே முதல் தடவை. கடைக்காரர் முகம் மாறிவிட்டது. நல்லவேளை, தலையை மட்டும் சாய்க்கவில்லை. மூன்று ஆகர்களை இறக்கி வைத்தார். ஒவ்வொன்றையும் அவள் தூக்கிப் பார்த்தாள், கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தாள், கையுறையோடு பொத்தானை அமுக்கிப் பார்த்தாள். ஒன்றில் பொத்தான் கையுறைக்கு அகப்படவில்லை. இன்னொன்றுக்குப் பின்பக்கம் சுற்றத் தெரியவில்லை. மூன்றாவதை எடுத்துக்கொண்டாள்.

வீட்டில் உட்கார்ந்து குளிர்கோட்டின் உள்பக்கத் தையலைப் பிரித்தாள். இடது பக்கம், நெஞ்சுக்கு நேராக, கனமான துணியில் ஒரு பை வைத்துத் தைத்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அந்த இடத்தை நிரப்ப சிலிகானில் ஒன்று கொடுத்திருந்தார்கள். வெளியே போகும்போதெல்லாம் அதை வைத்துக்கொண்டுதான் போவாள். அடுத்த சனிக்கிழமை அதை அலமாரியில் விட்டுவிட்டு, தைத்த பைக்குள் பேட்டரியை வைத்தாள். அளவு சரியாகப் பொருந்தியது. சேனாபதி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன புஷ்பா இது?"

"பேட்டரிக்குச் சூடு வேணுமுங்க. இங்கதான் எடம் காலியா இருக்கு."

அவருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. புஷ்பவல்லி சிரித்துவிட்டாள். அப்புறம் அவரும் சிரித்தார். கார் சாவியை எடுத்துக்கொண்டார்.

ஏரியில் காற்று ஊளையிட்டது. சேனாபதி கரையில் காருக்குள் ஹீட்டரைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். பனிமேல் கால் வைக்க அவருக்கு எப்போதும் பயம். புஷ்பவல்லி கடப்பாரையால் முன்னால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே, சறுக்குவண்டியை வலது கையால் இழுத்துக்கொண்டு நடந்தாள். ரிச்சி கையாட்டினார். "இரு, உனக்கு ஒன்று போட்டுத் தருகிறேன்."

"வேண்டாம் ரிச்சி. நன்றி."

"இந்த ஆறு அங்குலத்தையா வாங்கினாய்?"

"ஆமாம்" என்று சொல்லிவிட்டு நிற்காமல் நடந்தாள். ஒன்றும் இருக்காது என்று ரிச்சி சொன்ன அந்த முனைக்குப் போனாள்.

கோட்டைத் திறந்து பேட்டரியை எடுத்து மாட்டினாள். காலை அகட்டி, முழங்கையை உடம்போடு ஒட்டிவைத்து, பொத்தானை அமுக்கினாள். பிளேடு பனியில் அமர்ந்து, வெள்ளைத் தூளைச் சுற்றிலும் அள்ளிப் போட்டது. மெஷின் கையை உதறவில்லை. இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது. திடீரென்று எதிர்ப்பு அற்றுப்போய், கறுப்புத் தண்ணீர் குபுகுபுவென்று மேலேறி அவள் பூட்ஸைச் சுற்றி ஓடியது.

"ஹா!" என்று கத்திவிட்டாள். யாருக்கும் கேட்டிருக்காது. கேட்டால்தான் என்ன?

அந்தத் துளையில் ஒரு மீனும் சிக்கவில்லை. அடியில் வெறும் பாசி. ரிச்சி சொன்னது சரிதான். பேட்டரியை மறுபடி நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு இன்னும் தள்ளிப் போனாள். இரண்டாவது துளை போட்டாள். அதிலும் ஒன்றுமில்லை. தப்பான இடங்கள்தான். ஆனால் தானே தேர்ந்தெடுத்த தப்பு என்பதால் அவளுக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. மூன்றாவதில் தூண்டில் நுனி லேசாகக் குனிந்தது. இழுத்தாள். மஞ்சள் வரிகளோடு ஒரு பெர்ச், பனியில் விழுந்து துள்ளியது. அதற்குப் பின்னாலேயே இன்னொன்று.

போன் அடித்தது. சேனாபதி.

"புஷ்பா, ரெண்டு மணி நேரம் ஆகப்போகுது. கை எப்படி இருக்கு? வந்துர்றியா?"

"கை நல்லாத்தான் இருக்கு. மீன் கடிக்குது. நீங்க இங்க வாங்க."

"நானா? அங்கயா?"

"நான் வந்த தடத்துலயே வாங்க. நல்லாத் தட்டிப் பார்த்துட்டுத்தான் வந்தேன்."

நெடுநேரம் கார்க்கதவு திறக்கவில்லை. பிறகு திறந்தது. சேனாபதி கைகளை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு, அவள் தடத்தின்மேலேயே அடி எடுத்து வைத்து வந்தார். வந்து சேர்ந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டு, வழக்கம்போல ஆகரைத் தூக்கக் குனிந்தார்.

"அதை விடுங்க" என்றாள் புஷ்பவல்லி. "நீங்க வாளியை எடுத்துக்கோங்க. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகலாம்."

அவர் வாளியை எடுத்துக்கொண்டார். அவள் கடப்பாரையால் தட்டிக்கொண்டே முன்னால் நடந்தாள்.