கன்னியப்பன் வீட்டைத் தூக்கிய நாள்

ஜூன் 14, வெள்ளிக்கிழமை. வழக்கம்போல் பால் வாங்கினேன், மோட்டார் போட்டேன், செடிகளுக்குத் தண்ணீர் விட்டேன், பேப்பரை மடிப்புக் கலையாமல் படித்தேன் (மனைவிக்கு இதில் தினமும் ஒரு சிரிப்பு). எதிரே கன்னியப்பன் வீட்டுச் சுவர்களுக்கு அடியில் ஜாக்கிகளுக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார்கள். மழைத்தண்ணீர் புகும் வீட்டை அப்படியே மேலே தூக்குகிற வேலை. அன்று கடைசித் தூக்கல்.

கிரீஸ் வாசனை எனக்குத் தாரை நினைவூட்டியது. நானும் கன்னியப்பனும் பள்ளிக்கூடம் போன நாட்களில், சென்னீர்குப்பத்தில் அவன் வீடு மேட்டு வீடு. படியேறித்தான் உள்ளே போக வேண்டும். ரோடு போட ஆட்கள் வந்தால் எங்களுக்குத் திருவிழா. சூடான தாரில் செருப்பை விட்டுவிட்டு வந்து அடி வாங்கியிருக்கிறேன். அவன் அம்மா தனம் அத்தை அந்த ஆட்களுக்குச் சொம்பு சொம்பாக மோர் கொடுப்பாள்.

"நைனா, எங்க ஊட்டாண்ட மட்டும் கொஞ்சம் கெட்டியா போடுப்பா."

போட்டார்கள். எங்கள் வீட்டிலும் மோர் கொடுத்தோம், தெருவே கொடுத்தது. மோரைக் குடித்துக் குடித்து ரோடு உயர்ந்தது, படிகள் புதைந்தன, வீடு பள்ளத்துக்குப் போனது. மழையில் கட்டிலில் ஏறி உட்கார்ந்தபோது யார் யாரையோ திட்டினோம். மோரை ஒருவரும் சந்தேகப்படவில்லை.

நாங்கள் எங்கள் வீட்டை இடித்து உயர்த்திக் கட்டிவிட்டோம். அத்தை சம்மதிக்கவில்லை, அவளும் மாமாவும் நாற்று நட்ட கூலியில் எழுப்பிய சுவர்கள். கன்னியப்பன் ஒரே நிபந்தனை வைத்திருந்தான்: தூக்கும்போது வாசல்நிலைக்கு மேலுள்ள விரிசல் பெரிதானால், இடத்தை ஃபிளாட் கட்டுகிறவர்களுக்குக் கொடுத்துவிடுவது.

மேஸ்திரி குரல் கொடுக்க, எல்லோரும் ஒன்றாக ஜாக்கியைத் திருப்பினார்கள். அத்தை எங்கள் போர்ட்டிகோவில் முந்தானையைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாம்மா, நீயே ஊட்ட தூக்குற மாதிரி மூச்ச புடிச்சிகினு கீற?" என்றான் கன்னியப்பன்.

"சும்மா கெட. விரிசல பாரு."

மேஸ்திரி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். விரிசல் இருந்தபடியே இருந்தது. அத்தை எழுந்து முகம் கழுவிக்கொண்டாள்.

பள்ளத்து வீட்டு ஜன்னலிலிருந்து இத்தனை வருஷமும் அவளுக்குத் தெரிந்தது தெருவின் கால்கள்தான். என் செருப்பைப் பார்த்தே, "இன்னாடா, இன்னிக்கும் பஸ்ஸ உட்டுட்டியா?" என்பாள். கால்களோடு நடந்த அந்த விசாரிப்பு இனி இல்லை.

மறுநாள் காலை, முதல் வேலையாக ஹாலோ பிளாக்குகளைப் படியாக அடுக்கி அவளை அவள் வீட்டு வாசலில் ஏற்றிவிட்டேன். நிலையைப் பிடித்துக்கொண்டு தெருப்பக்கம் திரும்பினாள். திருமழிசைக்குப் போகும் கம்பெனி வேன், பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஃபிளாட்டிலிருந்து பைக்குகள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"இவங்கள்லாம் யார்ரா?" என்றாள்.