செவ்வந்திக்கு வைத்த விளக்கு

என் மனைவி போன பிறகு வந்த முதல் கல்லறைத் திருநாளுக்கு, அவள் வளர்த்த செவ்வந்தியைத்தான் அவள் கல்லறையில் வைப்பேன் என்று மாதா கோயில் வாசலில் பத்துப் பேர் கேட்கச் சொல்லிவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வட்டவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கரண்டு வேலை பார்த்தவன். மோட்டார் இரைச்சலுக்கு மேலே கத்திப் பழகிய வாய். ஆனால் சொன்னது வாய்ச்சவடால் இல்லை. ஒவ்வொரு நவம்பரிலும் அவள் தன் அம்மா, அப்பா கல்லறைக்குத் தன் கையால் வளர்த்த பூவைத்தான் கொண்டுபோவாள். ஒரு வருஷம்கூடக் கடைப்பூ வைத்தவள் இல்லை. அவளுக்கு மட்டும் கடைப்பூவா?

அந்த வருஷ மழைக்காற்று அவளுடைய பொலித்தீன் கூடாரத்தைக் கிழித்து எறிந்துவிட்டது. பத்துச் சட்டிகளையும் உள்ளே தூக்கிவந்து, அவள் படுத்திருந்த அறையில் வைத்தேன். அந்த அறைக்குள் வெயில் எட்டிப் பார்க்காது. அப்போதுதான் கட்டிலுக்கடியில் அவளுடைய செடி விளக்கு கண்ணில் பட்டது. கந்தப்பளையில் பூ நாற்றுமேடையில் வேலை செய்யும் அவள் தங்கை, அங்கே கழித்துப் போட்டதைக் கொடுத்தது. என் மனைவி அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கொண்டுவந்தாள். போட்டால் ஊதா வெளிச்சம் அடிக்கும். "வீடா இது, வீடியோ கடையா?" என்று நான் கேலி பேசுவேன்.

திறந்து பார்த்தேன். பாதிப் பல்புகள் கருகியிருந்தன. காற்றாடி சுற்றவில்லை. கரண்டை அளவாகக் கொடுக்கும் டிரைவர் பெட்டி வீங்கிக் கிடந்தது. வேறொருவன் என்றால் தூக்கி எறிந்திருப்பான். நான் கூட்டை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே எல்லாவற்றையும் மாற்றினேன். அட்டன் டவுனில் வாங்கிய இரண்டு வெள்ளை எல்இடி பலகைகள், தடித்த அலுமினியத் தகடு, புது டிரைவர், பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய காற்றாடி. பலகைக்கும் தகட்டுக்கும் நடுவே சூடு கடத்தும் பசையை மெல்லிசாகப் பூசி, துளை போட்டு, திருகி, மீட்டர் வைத்து மூன்று தடவை சோதித்தேன். போட்டதும் அறை முழுக்கப் பகல் வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஏன் மறைக்க வேண்டும்?

காலை ஐந்து மணிக்கு எரிந்து இரவு பத்துக்கு அணையும்படி டைமரும் வைத்தேன். செடிகள் அப்படி வளர்ந்தன! கரும்பச்சை இலை, விரல் தடிமனில் தண்டு. பக்கத்து லயத்து வீடுகளிலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நானும் மார்பை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். மொட்டுதான் வரவில்லை. வரும் வரும் என்று இன்னும் உரம் போட்டேன்.

அக்டோபர் இருபது தாண்டி, கந்தப்பளையிலிருந்து கொழுந்தியா வந்தாள். செடிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள்.

"மாமா, இந்த லைட்ட எவ்வளவு நேரம் போடுறீங்க?"

"விடியக்காலை அஞ்சுல இருந்து ராத்திரி பத்து வரைக்கும். ஏன், பத்தலையா?"

"ஐயோ மாமா! பூ வரக்கூடாதுன்னாத்தான் நாங்க ராத்திரியில லைட்டு போடுவோம். செவ்வந்திக்கு நீட்டு இருட்டு வேணும். இருட்டு கெடைச்சாத்தான் மொட்டு வைக்கும். அக்கா, செடி வேர் புடிக்கிற வரைக்குந்தான் இத போடும், அப்புறம் அணைச்சிரும். நீங்க பாத்ததில்லையா?"

"நான் என்னத்த கண்டேன்? எனக்கு யாரு சொன்னா?" என்று அவள் மேல் பாய்ந்தேன். அவள் பாவம். இன்றைக்கே அணைத்தாலும் பூக்க ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும் என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள். திருநாளுக்கு இரண்டு வாரம்கூட முழுசாக இல்லை.

அவள் தேத்தண்ணி போடப் போனதும் நான் அந்தக் கட்டிலில் உட்கார்ந்தேன். கடைசி மூன்று மாதமும் என் மனைவி இதில்தான் கிடந்தாள். நான் ராத்திரியிலும் டியூப் லைட்டை அணைக்கவே விடவில்லை. அவள் நெஞ்சு ஏறி இறங்குவது என் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. ஒரு நாள் கேட்டாள்: "என்னாங்க, அத அணைச்சிருங்களேன். வெளிச்சத்துல தூக்கமே வருதில்ல. கொஞ்சம் இருட்டா இருக்கட்டும்."

"பேசாம படு. இருட்டுல ஒனக்கு ஒண்ணு ஆனா எனக்கு எப்புடித் தெரியும்?" என்றேன்.

சேலை முந்தானையை இழுத்துக் கண்ணை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. அந்த வெளிச்சத்திலேயே போய்ச் சேர்ந்தாள். பயந்தவன் நான், தூக்கம் கெட்டது அவளுக்கு. படுபாவி நான்.

திருநாளன்று கொழுந்தியா நாற்றுமேடைப் பூ ஒரு கட்டு கொண்டுவந்திருந்தாள். அதை அவள் கையாலேயே வைக்கச் சொல்லிவிட்டு, நான் மொட்டில்லாத சட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனேன். கோயில் வாசலில் என் வாய்ச்சொல்லைக் கேட்டவர்கள் எல்லாரும் அங்கேதான் நின்றார்கள். சட்டியைப் பார்த்துக்கொண்டே எனக்கு வழி விட்டார்கள். பாதர் வந்து மந்திரித்துத் தண்ணீர் தெளித்தார். மலைச்சரிவு முழுக்க மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். நானும் ஏற்றினேன். எரிய விட்டுவிட்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள், அதுதான் வழக்கம்.

நான் குனிந்து அவளுடையதை மட்டும் ஊதி அணைத்தேன்.

"மாமா, என்னா இது? அணைக்கக் கூடாது மாமா!" என்று கொழுந்தியா என் கையைப் பிடித்தாள்.

"ஒங்க அக்கா கேட்டுச்சு," என்றேன். ஈர மண்ணில் கையை வைத்து, "தூங்கு புள்ள," என்றேன்.